இணையச் சேவைச் சட்டகங்களும் அமைவுக் கோப்புகளின் பெயர்வுத்தன்மையும் - ஒரு வரலாற்று நோக்கு

மென்பொருளின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் நிரல்களைப் பற்றியும், அவற்றை ஆக்கியோர் பற்றியும், அவற்றை விற்றுப் பெருகிய நிறுவனங்கள் பற்றியுமே எழுதியுள்ளனர். நிரலின் அருகே ஓரமாகக் கிடக்கும் அமைவுக் கோப்பினைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. ஒரு நிரல் எந்த முகவரியில் நின்று இயங்க வேண்டும், எந்தத் தரவுத்தளத்தை நாட வேண்டும், யாரை உள்ளே அனுமதிக்கலாம், மின்னொப்பம் இடுவதற்கான சாவி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பன போன்றவற்றை நிரலுக்கு வெளியே எழுதி வைக்கும் சிறு வாசகமே அமைவுக் கோப்பு எனப்படும். இலக்கிய மாணவனுக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். ஏட்டுச் சுவடியைப் பெயர்த்தெழுதியவன் யார், எதற்காகப் பெயர்த்தெழுதினான், பெயர்த்தபோது எவை மாறின என்று கேட்கப் பழகியவர்களுக்கு இக்கோப்பும் ஒரு பனுவலே. அன்றியும், அது எழுதப்படும் மொழியின் உடைமையாளர் ஒருவர் உளர்; அதை எழுதுவோர் வேறொருவர். இவ்விரு பகுதியினருக்கும் இடையிலுள்ள உறவே இக்கட்டுரையின் பொருளாகும்.

2000 ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 2007 ஆம் ஆண்டு வரையிலான காலப்பகுதியில், இணையச் சேவை எனும் பெயரில் ஒரு பெரும் நியமமாக்கல் முயற்சி நடந்தேறியது. ஒரு நிறுவனத்தின் கணினியில் இயங்கும் நிரல் மற்றொரு நிறுவனத்தின் கணினியில் இயங்கும் நிரலுக்கு வேலை சொல்லி விடை பெறுவதே இணையச் சேவையாகும். அத்தகைய சேவைகளை எழுதுவதற்கும் நடத்துவதற்கும் வேண்டிய ஆயத்த அமைப்புகள் சட்டகங்கள் எனப்பட்டன. பல நிறுவனங்கள் தத்தம் சட்டகங்களைச் சந்தைக்குக் கொணர்ந்தன; ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிட்டன. போட்டியிட்ட அதே நிறுவனங்கள் ஒரே மேசையில் அமர்ந்து பொது நியமங்களையும் வகுத்தன. அதன் பயனாக ஒருவரது சட்டகத்திலிருந்து புறப்பட்ட செய்தியை மற்றவரது சட்டகம் வாசித்துப் புரிந்துகொள்ளலாயிற்று. ஆயின் அச்செய்தியை அனுப்பிய சேவையை ஒரு சட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச் செல்ல முயன்றவர்கள், நிரலைக் கொண்டுபோனாலும் அமைவுக் கோப்பினை அங்கேயே விட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டியிருந்தது. செய்தி பெயர்ந்தது, அமைவு பெயரவில்லை. ஏன்?

இதற்கு இரு விடைகள் வழக்கிலுண்டு. தொழில்நுட்பம் முதிர்ச்சியடையவில்லை என்பது பொறியியலாளர் தரும் விடை. வாடிக்கையாளரைக் கட்டிப்போட விற்பனை நிறுவனங்கள் செய்த சதி என்பது நம்மவரிற் பலர் தரும் விடை. முதலாவது வரலாற்றை ஒதுக்கிவிடுகிறது. இரண்டாவது, நான் மதிக்கும் தோழர்கள் பலரும் சொல்வதாயினும், கொச்சையான பொருளாதாரவாதமே என்று சொல்லத் துணிகிறேன்.

1

இணையச் சேவைகளுக்கு முந்திய ஒரு கட்டத்திலிருந்து தொடங்குதல் வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1998 ஆம் ஆண்டு வெளியிட்ட ஈ.ஜே.பி. எனும் நியமம், வணிக நிரல்களைக் கூறுகளாக ஆக்கி, வாங்கவும் விற்கவும் தக்க சரக்குகளாக்கலாம் என்ற எதிர்பார்ப்பின் மேல் எழுப்பப்பட்டது. ஒரு நிறுவனம் எழுதிய கூறினை மற்றொரு நிறுவனம் வாங்கி, மூன்றாவது நிறுவனத்தின் சேவையகத்தில் நிறுத்தி இயக்கலாம். இதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. வாங்கியவன் நிரலைத் திறந்து திருத்தாமலே அதன் நடத்தையைத் தன் இடத்துக்கு ஏற்ப மாற்றக்கூடியவனாயிருத்தல் வேண்டும். ஆகவே நிரல் ஒரு புறமும், அது நிறுத்தப்படும் இடத்தைப் பற்றிய விவரணம் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டன. நிறுத்தல் விவரணக் கோப்பு இவ்வாறு தோன்றியது. முதற் பதிப்பில் அது மனிதர் வாசிக்க இயலாத, இயந்திரத்திற்கு மட்டுமே விளங்கும் பொருளாக இருந்தது. 1999 ஆம் ஆண்டின் 1.1 பதிப்பிலேயே அது எக்ஸ்.எம்.எல். எனும் வாசிக்கத்தக்க எழுத்துருவைப் பெற்றது.

அதே 1999 டிசெம்பரில் வெளிவந்த ஜே2ஈஈ நியமம் இன்னொரு வகையிலும் குறிப்பிடத்தக்கது. அது இயந்திரத்தை மட்டுமன்றி மனிதரையும் வகுத்தது. கூறினை ஆக்குபவர், கூறுகளை ஒன்றுசேர்ப்பவர், நிறுத்துபவர், முறைமையை நிருவகிப்பவர், கருவி வழங்குபவர், சேவையகம் வழங்குபவர் என்று அந்நியமம் பாத்திரங்களைப் பெயரிட்டு, ஒவ்வொருவருக்குமுரிய பணியை வரையறுத்தது. மூலதனம் முதற் பாகத்தில் பட்டறைத் தொழிலின் வேலைப் பிரிவினை பற்றிய அத்தியாயத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முன்னர் ஒரே நிரலாளரின் தலையில் ஒன்றாயிருந்த அறிவு இங்கே பகுக்கப்பட்டது. பகுத்த துண்டுகளுக்கிடையே செய்தி காவும் துண்டுச் சீட்டாக விவரணக் கோப்பு அமைந்தது.

அச்சீட்டும் முழுமையாகப் பொது மொழியில் எழுதப்படவில்லை. கூறின் பெயர், அதன் பரிவர்த்தனை விதி, பாதுகாப்புப் பாத்திரங்கள் ஆகியன பொதுக் கோப்பில் இடம்பெற்றன. கூறு எந்த உண்மையான தரவுத்தளத்தோடு பிணைக்கப்பட வேண்டும், எந்தப் பெயரில் அழைக்கப்பட வேண்டும், எத்தனை பிரதிகளை நினைவகத்தில் வைத்திருக்கலாம் என்பனவெல்லாம் 'நிறுத்துபவரின் பொறுப்பு' என்று விடப்பட்டன. அதாவது சேவையகம் விற்பவரின் விருப்புக்கு விடப்பட்டன. ஆகவே ஒவ்வொரு விற்பனை நிறுவனமும் பொதுக் கோப்பின் பக்கத்தில் தன் சொந்தக் கோப்பொன்றை வைத்தது. பி.ஈ.ஏ. நிறுவனத்தின் வெப்லொஜிக்கிற்கு ஒன்று, ஐ.பி.எம். நிறுவனத்தின் வெப்ஸ்பியருக்கு ஒன்று, ஜேபொஸ்ஸிற்கு ஒன்று, சன் நிறுவனத்தின் சேவையகத்திற்கே இன்னொன்று. நியமத்தை எழுதியவரே நியமத்திற்கு வெளியே தமக்கெனத் தனிக் கோப்பு வைத்திருந்தமை ஒரு நகைமுரண். ஆயினும் அது தற்செயலன்று.

2

2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் சோப் 1.1 எனும் செய்தி வடிவம் உலகளாவிய வலைக் கூட்டமைப்புக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. மைக்ரோசொப்ட், ஐ.பி.எம். ஆகிய பரம வைரிகளைச் சார்ந்தோர் அதன் ஆசிரியர்களாக ஒருங்கே இடம்பெற்றனர். 2001 மார்ச்சில் அவ்விரு நிறுவனங்களின் ஆராய்ச்சியாளர்கள் டபிள்யூ.எஸ்.டி.எல். எனும் சேவை விவரண மொழியை முன்வைத்தனர். ஐ.பி.எம். சார்பில் அதன் ஆசிரியர்களுள் ஒருவராக இருந்தவர் இலங்கையரான சஞ்சீவ வீரவரண ஆவார். அவர் பற்றிப் பின்னர் வரும்.

போட்டியாளர்கள் ஏன் ஒத்துழைத்தனர்? 1990களின் இறுதியில் பெருநிறுவனங்கள் ஒவ்வொன்றினுள்ளும் ஒவ்வாத கணினி முறைமைகள் குவிந்திருந்தன. நிறுவனங்களுக்கிடையிலான கொள்வனவும் கட்டளையும் கணக்குத் தீர்ப்பும் கணினி வழியே விரைந்து நடைபெற வேண்டும் என்ற நெருக்குதல் மூலதனத்தின் சுற்றோட்டத் தேவையிலிருந்து எழுந்தது. செய்தி எல்லையில் தடைப்பட்டால் எல்லாருக்கும் நட்டம். ஆகவே செய்தியின் வடிவத்தைப் பொதுவாக்குவதில் ஒருவருக்கும் இழப்பில்லை. புகையிரதப் பாதையின் அகலத்தை ஒன்றாக்குவதில் பாதைக்குரியோர் அனைவரும் பயனடைந்ததை இதனோடு ஒப்பிடலாம்.

ஆனால் அப்பொதுமையின் வாயிலிலே காவலும் இருந்தது. 2002 பெப்ரவரியில் டபிள்யூ.எஸ்.-ஐ. எனும் அமைப்பு நிறுவப்பட்டது. வெவ்வேறு சட்டகங்களின் செய்திகள் ஒன்றையொன்று விளங்கிக்கொள்வதை உறுதிப்படுத்தலே அதன் நோக்கம். ஐ.பி.எம்., மைக்ரோசொப்ட், பி.ஈ.ஏ., இன்டெல் முதலியன நிறுவனர் வரிசையில் நின்றன. சன் நிறுவனம் அவ்வரிசையில் இடம்பெறவில்லை. மைக்ரோசொப்ட்டுக்கு எதிரான அமெரிக்க ஏகபோகத் தடை வழக்கின் பரிகார விசாரணை 2002 இல் நடைபெற்றபோது, சன் நிறுவனர்களுள் ஒருவராக இல்லாதிருக்குமாயின் இத்தகைய அமைப்பைத் தம்மால் ஏற்றுக்கொள்ள இயலும் என்ற கருத்தில் பில் கேட்ஸ் எழுதிய மின்னஞ்சலொன்று சான்றாக முன்வைக்கப்பட்டது. சன் பின்னர் அமைப்பிற் சேர்ந்து 2003 இலேயே நெறியாளர் அவைக்குத் தெரிவாயிற்று. பொது நலன் பேசும் நியம அமைப்புகளின் உட்புறத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆவணங்கள் அரிதாகவே கிடைக்கின்றன.

டபிள்யூ.எஸ்.-ஐ. 2003 இல் வெளியிட்ட அடிப்படைச் சுருக்கவிதி எதைப் பேசியது, எதைப் பேசவில்லை என்பதே நமக்கு முக்கியம். செய்தியின் உறை, பிழைச் செய்தியின் வடிவம், விவரண மொழியை எழுத வேண்டிய முறை ஆகியவற்றை அது நுணுக்கமாக வரையறுத்தது. செய்தியைப் பொதிவதில் நிலவிய ஒரு முறையை முற்றாகத் தடைசெய்யவும் துணிந்தது. சேவை எவ்வாறு ஆக்கப்படுகிறது, எவ்வாறு நிறுத்தப்படுகிறது, எக்கோப்பில் அமைக்கப்படுகிறது என்பன அதன் எல்லைக்குப் புறம்பானவை. அதாவது, சுற்றோட்டத் தளத்திலே பொதுமை நிலைநாட்டப்பட்டது. உற்பத்தித் தளம் அவரவர் வேலிக்குள் விடப்பட்டது.

3

உற்பத்தித் தளத்திற்கும் நியமம் வகுக்கும் முயற்சி நடக்கவில்லை என்பதன்று. 2002 நவம்பரில் முற்றுப்பெற்ற ஜே.எஸ்.ஆர். 109 எனும் விதி, இணையச் சேவைகளுக்கான பொது விவரணக் கோப்பொன்றை வகுத்தது. அது 2003 நவம்பரில் வெளிவந்த ஜே2ஈஈ 1.4 இல் இணைக்கப்பட்டது. அதனோடு நிரலின் பெயர்களையும் செய்தியின் பெயர்களையும் ஒன்றுக்கொன்று பொருத்திக் காட்டும் இன்னொரு கோப்பும் வேண்டப்பட்டது. இப்பொருத்தற் கோப்பு சிறியதொரு சேவைக்கே பக்கம் பக்கமாக நீளும். கையால் எழுதுவது பெருந் தண்டனை. எனவே ஒவ்வொரு நிறுவனமும் அதனை ஆக்கித் தரும் கருவியொன்றை விற்றது. பொது நியமத்தின் சுமையே தனியார் கருவிக்குச் சந்தையாயிற்று.

ஜே2ஈஈ 1.4 இல் இணைக்கப்பட்ட ஜே.எஸ்.ஆர். 88 இன்னும் விசித்திரமானது. பலவிதமான தனிக் கோப்புகளை ஒன்றாக்குவதற்குப் பதிலாக, அவை யாவற்றையும் ஒரே கருவியின் வழியாகத் திருத்துவதற்கான பொதுச் சன்னலொன்றை அது அமைக்க முயன்றது. வீடுகள் வெவ்வேறாகவே இருக்கலாம், சன்னல் மட்டும் ஒன்றாயிருக்கட்டும் என்ற இந்தச் சமரசம் வேர்கொள்ளவில்லை. 2009 இல் அது நீக்கத்துக்குரியதாகக் குறிக்கப்பட்டு, 2013 இல் விருப்புக்குரியதாகத் தாழ்த்தப்பட்டது.

இதற்கிடையே நியமக் குழுக்களுக்கு வெளியே வேறொரு நீரோட்டம் இருந்தது. ஐ.பி.எம். 2000 ஆம் ஆண்டில் அப்பாச்சி அமைப்புக்கு வழங்கிய சோப் நிரலின் வழித்தோன்றலாக அப்பாச்சி அக்சிஸ் சட்டகம் உருவாகி, 2002 ஒக்டோபரில் அதன் 1.0 பதிப்பு வெளிவந்தது. எவரும் இலவசமாகப் பெற்றுத் திருத்தி வழங்கக்கூடிய திறந்த மூல மென்பொருள் அது. அதற்கும் சொந்தமாக ஓர் அமைவுக் கோப்பு இருந்தது. டபிள்யூ.எஸ்.டி.டி. என்று அழைக்கப்பட்ட அக்கோப்பில், செய்தி உள்ளே வரும் வழியில் எந்தக் கையாளிகளைக் கடக்க வேண்டும், வெளியேறும் வழியில் எவற்றைக் கடக்க வேண்டும் என்பன வரிசையாக எழுதப்பட்டன. பின்னர் வந்த எக்ஸ்ஃபயர் எனும் திறந்த மூலச் சட்டகம் தன் சேவைக் கோப்பை ஸ்பிரிங் எனும் பிறிதொரு சட்டகத்தின் மரபில் எழுதியது. எக்ஸ்ஃபயரும் செல்ட்டிக்ஸ் எனும் சட்டகமும் 2006 இல் ஒன்றிணைந்து அப்பாச்சி சி.எக்ஸ்.எஃப். ஆகின. ஒரே அப்பாச்சிக் கூரையின் கீழ் இரு சட்டகங்கள், இரண்டும் இலவசம், இரண்டுக்கும் ஒரே உரிமம், ஆயினும் ஒன்றின் அமைவுக் கோப்பு மற்றொன்றுக்கு அந்நிய மொழி.

சதிக் கோட்பாடு தடுமாறும் இடம் இதுவே. அமைவுக் கோப்பு பெயராமைக்கு விற்பவனின் பேராசை மட்டுமே காரணமெனின், விற்பவனே இல்லாத இடத்தில் அது பெயர்ந்திருக்க வேண்டுமன்றோ? அக்சிஸைத் திருத்தி எழுதிய அக்சிஸ்2, தன் சொந்த மூதாதையின் கோப்பினைக்கூட ஏற்கவில்லை. அக்சிஸ்2 இன் உள்ளமைப்பு முற்றிலும் வேறுபட்டது; செய்தி கடக்கும் கட்டங்கள் ஒரு பொதுக் கோப்பிலும், தனிச் சேவையின் விவரம் இன்னொரு கோப்பிலுமாகப் பிரிக்கப்பட்டன; சேவைகளும் துணைக் கூறுகளும் தனித்தனிப் பொதிகளாகக் கட்டப்பட்டன. அமைவுக் கோப்பு என்பது சட்டகத்தின் உள்ளமைப்பு வெளியே காட்டும் முகம். உள்ளமைப்பு மாறும்போது அது மாறாதிருத்தல் அரிது. உற்பத்திச் சாதனத்தின் வடிவத்துக்கு ஓரளவு தன்னாட்சி உண்டு என்பதை இவ்விடத்து ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். இல்லையேல் நமது ஆய்வு முடிவை முன்னரே எழுதிவைத்துவிட்டுச் சான்று தேடுவதாகிவிடும்.

4

தொழில்நுட்பக் காரணமும் முழு விடையன்று என்பதற்குப் பாதுகாப்பு அமைவினைப் போல் தக்க சான்று வேறில்லை. செய்திக்கு மின்னொப்பமிடுதல், மறைகுறியாக்குதல் ஆகியவற்றை எவ்வாறு செய்வது என்பதைச் சட்டகத்துக்குச் சட்டகம் வெவ்வேறாக எழுதும் நிலையைப் போக்கவே, கொள்கை மொழி எனும் பொது மொழி வகுக்கப்பட்டது. ஒயாசிஸ் அமைப்பின் பாதுகாப்புக் கொள்கை மொழியும், வலைக் கூட்டமைப்பின் பொதுக் கொள்கை மொழியும் 2007 இல் நியமங்களாயின. அமைவுக் கோப்பின் உள்ளடக்கத்தில் ஒரு பகுதியை நியமத்துக்குள் கொண்டுவந்த வகையில் இம்முயற்சி மெய்யாகவே முற்போக்கானது. எச்செய்தியின் எப்பகுதிக்கு ஒப்பம் வேண்டும், எந்த முறைப்படி வேண்டும் என்பதை ஒருமுறை எழுதினால் எச்சட்டகமும் வாசிக்கலாம்.

ஆனால் ஒப்பமிடுவதற்கான சாவி எக்கோப்பில் உள்ளது, அதன் கடவுச்சொல்லை எந்த நிரல் எடுத்துத் தரும், எப்பயனரின் பெயரில் ஒப்பமிடுவது? பொது மொழி இவ்விடத்தில் மௌனமாயிற்று. அக்சிஸ்2 இன் பாதுகாப்புக் கூறான றம்பார்ட் இவ்விவரங்களைக் கொள்கைக் கோப்பினுள்ளேயே தன் சொந்தப் பெயரிட்ட பகுதியாகச் செருகியது. சன் நிறுவனத்தின் மெட்ரோவும் கொள்கையினுள்ளேயே, ஆனால் தனக்கேயுரிய வேறு சொற்களால் எழுதியது. சி.எக்ஸ்.எஃப். அவற்றைக் கொள்கைக்கு வெளியே பண்புப் பட்டியலாக வைத்தது. பொது நியமத்தின் பக்கத்திலேயே தனிச் சொற்கள் இடைச்செருகல்களாகப் புகுந்தன; பதிப்பாசிரியர் அறிந்த இடர்ப்பாடுதான்.

இதில் வியப்புக்குரியது யாதெனின், றம்பார்ட்டும் சி.எக்ஸ்.எஃப்.உம் ஒப்பமிடும் வேலைக்கு ஒரே நிரல் நூலகத்தையே பயன்படுத்தின. டபிள்யூ.எஸ்.எஸ்.4ஜே எனும் அப்பாச்சி நூலகமே இரண்டின் அடியிலும் இயங்கியது. இயந்திரத்தின் உள்ளுறுப்பு ஒன்றாகவே இருந்தபோதும் அதற்குக் கட்டளையிடும் மொழி வேறாயிற்று. உள்ளமைப்பு வேறுபட்டதால் கோப்பு வேறுபட்டது என்ற விளக்கம் இங்கே முழுமையாகச் செல்லாது. இங்கு செயற்பட்டது, ஒவ்வொரு சட்டகத்தையும் சூழ்ந்து உருவான தொழிற்குழுவின் வழக்காறும், அவ்வழக்காற்றைத் தழுவிப் பயிற்சியும் ஆலோசனையும் விற்றுப் பிழைத்த நிறுவனங்களின் நலனுமாகும். திறந்த மூல மென்பொருளை விலையின்றி வழங்குவோர் எதனை விற்கிறார்கள்? அதை அமைத்துத் தரும் அறிவையே விற்கிறார்கள். ஆகவே அமைவு கடினமாயும் தனித்தன்மையுடையதாயும் இருப்பது அவர்தம் விருப்பத்தினால் நேர்ந்ததன்றாயினும், அதை எளிதாக்கும் அவசரமும் அவர்களுக்கு இருக்கவில்லை.

இதே காலத்தில் சுற்றோட்டத் தளத்தில் நிலைமை எவ்வளவு முன்னேறியிருந்தது என்பதையும் நோக்குதல் தகும். 2004 ஏப்ரலில் மைக்ரோசொப்ட் ஏறத்தாழ 200 கோடி டொலர் கொடுத்துச் சன் நிறுவனத்தோடு வழக்குகளைத் தீர்த்துக்கொண்டது. அதன் பின் சன்னின் மெட்ரோவும், மைக்ரோசொப்ட் 2006 நவம்பரில் வெளியிட்ட டபிள்யூ.சி.எஃப். சட்டகமும் பாதுகாப்பான செய்திகளைத் தம்முள் பரிமாறத்தக்கவாறு இரு தரப்புப் பொறியியலாளரும் சேர்ந்து உழைத்தனர். செய்தி இருபுறமும் ஓடியது. கோப்புகளோ, முகவரி, பிணைப்பு, ஒப்பந்தம் என்ற மைக்ரோசொப்ட்டின் முப்பிரிவு ஒரு கரையிலும், சன்னின் கோப்பு மறுகரையிலுமாக நின்றன. 2019 இல் மைக்ரோசொப்ட் டபிள்யூ.சி.எஃப். சேவையகப் பகுதியைத் தன் புதிய தளத்துக்குக் கொண்டுவரப் போவதில்லை என அறிவித்தபோது, தன் வாடிக்கையாளர் எழுதிக் குவித்த கோப்புகளை அதே நிறுவனமே அநாதைகளாக்கியது.

5

இப்பெயர்வின்மையின் சுமையை ஏற்றவர் யார்? கோப்பினை எழுதுபவரும் பெயர்த்தெழுதுபவரும் பெரும்பாலும் சம்பளத்துக்குழைக்கும் நிரலாளரே. ஒரு சட்டகத்தின் கோப்பு மொழியில் ஐந்தாண்டு பழகிய ஒருவர், நிறுவனம் வேறொரு சட்டகத்தை வாங்கிய மறுநாள் மீண்டும் மாணவராகிறார். அவருடைய தேர்ச்சி அவருக்குச் சொந்தமானதாகத் தோன்றினும், அதன் பெறுமதியை நிச்சயிப்பது சட்டகத்தின் உடைமையாளரே. கைத்தறி நெசவாளன் தன் தறியை உடைமையாகக் கொண்டிருந்தான். இவருக்குத் தறியின் பெயர் தெரியும், அவ்வளவே.

இச்சுமைக்கு உழைப்பவரின் பக்கத்திலிருந்தே ஓர் எதிர்வினை எழுந்ததை வரலாறு போதியளவு பதிவுசெய்யவில்லை. 2000களின் தொடக்கத்தில் எக்ஸ்டொக்லெட் எனும் கருவி நிரலாளரிடையே பரவியது. நிரலின் மேலே குறிப்புரையாக நான்கு வரி எழுதினால், வெப்லொஜிக்குக்கு வேண்டிய கோப்பையும் ஜேபொஸ்ஸுக்கு வேண்டிய கோப்பையும் அக்கருவியே எழுதித் தரும். நியமக் குழு தராத பெயர்வுத்தன்மையை, கோப்பு எழுதிச் சலித்தவர்கள் தாமே ஆக்கிக்கொண்டனர். நிரலையும் விவரணத்தையும் பிரித்து வைத்த வேலைப் பிரிவினையும் இதனால் நடைமுறையில் குலைந்தது. ஏனெனில் இரண்டும் மீண்டும் ஒரே ஏட்டில், ஒருவரே எழுதுவதாயிற்று. 2004 இல் ஜாவா 5 நிரல் மொழியினுள்ளேயே சிறுகுறிப்பு வசதி சேர்க்கப்பட்டது. 2006 மே மாதம் வெளிவந்த ஜாவா ஈஈ 5 இணையச் சேவைகளுக்கான சிறுகுறிப்புகளை நியமமாக்கியது. பொருத்தற் கோப்பின் பக்கங்கள் ஓரிரு சொற்களாகச் சுருங்கின. ஒரு சிறு சேவை சட்டகம் விட்டுச் சட்டகம் பெயர்வது இதன் பின்னரே உண்மையில் இயல்வதாயிற்று. கீழிருந்து எழுந்த உபாயம் மேலே உள்வாங்கப்பட்டது. உள்வாங்கியோர் அதனைத் தமது கொடையாக அறிவித்தனர். பாதுகாப்பு அமைவு மட்டும் மேற்கூறிய நிலையிலேயே நின்றது.

6

இவ்வரலாற்றில் இலங்கைக்கு ஓர் இடம் உண்டு. ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய சஞ்சீவ வீரவரண 2001 இல் நாடு திரும்பினார். அவரது முன்முயற்சியில் 2003 இல் லங்கா சொப்ட்வெயர் பவுண்டேஷன் தொடங்கப்பட்டது. அக்சிஸ்2 இன் திட்டம் 2004 இல் கொழும்பில் நடைபெற்ற சந்திப்பொன்றிலே உருப்பெற்றது. 2006 மே மாதம் 1.0 பதிப்பு வெளிவந்தது. அதன் நிரலிற் பெரும்பகுதி இலங்கை இளைஞர்களால், குறிப்பாக மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்களால் எழுதப்பட்டது. 2005 ஓகஸ்டில் வீரவரணவும் பிறரும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை ஆரம்பித்தனர். இன்டெல் நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவு அதற்குத் தொடக்க மூலதனம் வழங்கியவர்களுள் ஒன்று. அக்சிஸ்2 இன் மேல் தன் சேவையகத்தைக் கட்டி, மென்பொருளை இலவசமாக வழங்கி, அதைப் பேணும் சேவையை விற்றது அந்நிறுவனம்.

தேயிலைக் கொழுந்தையும் தைத்த உடையையும் ஏற்றுமதி செய்து, அவற்றை ஆக்கும் இயந்திரத்தை இறக்குமதி செய்து பழகிய நாடொன்று, உலக நிறுவனங்கள் பயன்படுத்தும் உற்பத்திச் சாதனமொன்றைத் தானே ஆக்கி அனுப்பியது. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையன்று. எனினும் நாம் எழுப்பிய கேள்வியைக் கொழும்பில் நிறுத்திக் கேட்டாலும் விடை மாறவில்லை. கொழும்பில் எழுதப்பட்ட சட்டகமும் தனக்கெனக் கோப்புகளைக் கொண்டுவந்தது; நாளடைவில் அவை பெருகின. 2019 இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 தன் உற்பத்திகளின் சிதறிய எக்ஸ்.எம்.எல். கோப்புகளுக்குப் பதிலாக ஒரே சுருக்கக் கோப்பினை அறிமுகப்படுத்தி, பழைய கோப்புகளை அதிலிருந்து தானாகவே உருவாகுமாறு செய்தது. எழுதுபவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் முன்னர் எழுதி வைத்தவர்கள் தம் பழைய கோப்புகளை மீண்டும் ஒருமுறை பெயர்க்க வேண்டியதாயிற்று. 2024 இல் நிறுவனத்தை சுவீடனைத் தலைமையகமாகக் கொண்ட ஈ.கியூ.ரி. எனும் முதலீட்டு நிறுவனம் கையேற்க உடன்படிக்கை செய்தது. உரிமத்தின்படி எவரும் நிரலை எடுத்துத் திருத்தலாம்; இக்கையேற்பினால் அவ்வுரிமை பறிபோகவில்லை. நிரலைத் திறந்து வைப்பது ஒரு விடயம், அதை ஆளும் முடிவுகளை எங்கே எடுப்பது என்பது வேறு விடயம் என்பதற்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டு நமக்குக் கிடைக்காது.

7

பழந்தமிழ் இலக்கணகாரர் பாயிரத்தில் ஆக்கியோன் பெயரும் வழியும் எல்லையும் கூறப்பட வேண்டும் என வகுத்தனர். ஜாவா வலைச் செயலிகளின் அமைவுக் கோப்பிலும் அத்தகைய பாயிரம் ஒன்றுண்டு. இக்கோப்பின் சொற்கள் யாருடைய பெயர்வெளியைச் சார்ந்தவை என்று முதல் வரியிலே முகவரி ஒன்று எழுதப்படும். 2001 இன் கோப்பிலும் 2003 இன் கோப்பிலும் 2006 இன் கோப்பிலும் அது சன் நிறுவனத்தின் முகவரி. 2010 ஜனவரியில் ஒரக்கிள் சன்னை விழுங்கியது. 2013 இல் அவ்வரியிலிருந்து சன்னின் பெயர் மறைந்து, ஜாவா சமூகச் செயன்முறை அமைப்பின் முகவரி இடம்பெற்றது. 2017 இல் ஒரக்கிள் ஜாவா ஈஈயை எக்லிப்ஸ் அமைப்பிடம் ஒப்படைக்க முன்வந்தது. நிரலைக் கொடுத்தது, பெயரைக் கொடுக்கவில்லை. நியமங்களின் சொற்களுக்கெல்லாம் முன்னொட்டாக நின்ற 'ஜாவக்ஸ்' எனும் பெயரைத் தொடர்ந்து வைத்து விரிவுபடுத்துவதற்கு இரு தரப்புக்குமிடையே உடன்பாடு எட்டவில்லை என்பது 2019 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 2020 இன் இறுதியில் வெளிவந்த ஜகார்த்தா ஈஈ 9 ஏறக்குறைய வேறெந்தப் புதுமையுமின்றி, அம்முன்னொட்டை 'ஜகார்த்தா' என்று மாற்றியது. இருபதாண்டுக் காலமாக உலகெங்கும் எழுதப்பட்ட நிரல்களிலும் கோப்புகளிலும் ஒரு சொல்லை எடுத்து மற்றொரு சொல்லை வைக்க வேண்டியதாயிற்று. அதைச் செய்வதற்கென்றே கருவிகள் எழுதப்பட்டன, அவையும் இலவசமே. பொறியியற் காரணம் எதுவுமில்லாத, வணிகக் குறியின் உடைமை ஒன்றனாலேயே நேர்ந்த பெயர்ப்பு இது. அக்சிஸ்2 இன் வரலாறு சதிக் கோட்பாட்டைத் தடுமாறச் செய்ததெனின், இப்பெயர்ப்பு முதிர்ச்சியின்மைக் கோட்பாட்டை அவ்வாறே தடுமாறச் செய்கிறது. இன்று புதிதாக எழுதப்படும் கோப்பின் முதல் வரியில் சன்னும் இல்லை, ஒரக்கிளும் இல்லை; பழைய சேவையகங்களில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகளில் சன்னின் முகவரி அழிக்கப்படாமலே கிடக்கிறது.